வட்டத்துக்குள் ஒரு மச்சம்

"அண்ணி, இந்தப் பல் செட்டு நம்மளைப் பார்த்துத்தான் சிரிக்குது" என்றேன்.

"சிரிக்கட்டும் தம்பி. அதோட வாயைப் பிடுங்கத்தானே வந்திருக்கோம்" என்றாள் அண்ணி.

பல் டாக்டரின் கிளினிக், முதல் மாடி, காத்திருக்கும் அறை. வியாழக்கிழமை மதியம் இரண்டு பத்து. அண்ணியின் கையில் ஒரு புகைப்படம். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் பிளாஸ்டரில் வார்த்த பல் செட்டு ஒன்று, முப்பத்திரண்டும் தெரிய இளித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சாயங்காலத் தெரு அப்படியே மங்கிக் கரைந்து, விளக்குகளெல்லாம் வட்ட வட்டமாய் மிதந்தன. அழகான படம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம்தான் நேற்று ஒரு மனுஷனை லாக்கப்பில் தள்ளியிருந்தது.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பதினான்கு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கதைகளைப் பிடிப்பதே வேலையாக இருந்தவள், இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். நான் அசிஸ்டென்ட். 'வீட்டில் ஒருத்தனாவது அவ பேச்சைக் கேக்கட்டும்' என்று அண்ணன்தான் என்னைச் சேர்த்துவிட்டான், சுயநலக்காரன்.

லாக்கப்பில் இருப்பவரை ஊரில் எல்லோரும் 'திருப்புளி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேமரா, லென்ஸ் பழுது பார்ப்பவர், ஸ்க்ரூடிரைவர் கையை விட்டுப் போகாத ஆள். போன சனிக்கிழமை இந்த டாக்டர் ஒரு லென்ஸைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை திருப்பி வாங்கினார். வாங்கிய ஒரு மணி நேரத்தில் ஸ்டேஷனில் புகார். 'நான் கொடுத்தது பழைய காலத்து ஒரிஜினல். திருப்புளி அதை அமுக்கிக்கொண்டு, அதே மாதிரி இருக்கும் புது லென்ஸை என் தலையில் கட்டிவிட்டார்.'

விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய லென்ஸைக் கம்பெனியே இப்போது மறுபடி செய்து விற்கிறது. அதே உருவம், அதே எழுத்து, அதே கண்ணாடி வளைவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்குமாம்.

திருப்புளி என்ன சொல்கிறார்? "டாக்டர் சனிக்கிழமை கொண்டு வந்ததே புதுசுதான் சார்." அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். "பாவம், செத்துப்போன அண்ணன் ஞாபகமா வெச்சிருக்கேன்னு சொன்னாரு சார். யாரோ அவரை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சேன். மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இன்ஸ்பெக்டர் இதை நம்பவில்லை. உள்ளதைச் சொன்னால் நானும் நம்பவில்லை. அண்ணி மட்டும்தான், "இவ்வளவு மட்டமான பொய்யை எவனும் யோசிச்சுச் சொல்ல மாட்டான்" என்று சொல்லிக் கேஸை எடுத்துக்கொண்டாள்.

மாலை ஐந்து மணிக்குத் திருப்புளியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அதற்கப்புறம் அவர் கடைக்கு ஒருத்தரும் ஒரு மூடியைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். அவர் மனைவி காலையில் எங்கள் ஆபீஸில் வந்து, "அக்கா, அவர் கையில வர்றதெல்லாம் அடுத்தவங்க பொருள். திருடன்னு ஒரு தடவை சொல்லிட்டா எங்க பொழப்பே போச்சு" என்று சொல்லி அழுதாள். இப்போது அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணி... இடது பக்கம். மெதுவா பாருங்க" என்று கிசுகிசுத்தேன்.

எங்களுக்கு எதிரே ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் கேமரா. கேமராவில் ஒரு குட்டி லென்ஸ், எலுமிச்சம்பழம் அளவு. நான் காலையிலிருந்து போட்டோவில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அதே லென்ஸ்!

"திருட்டுப் பொருளைக் கழுத்துல மாட்டிக்கிட்டு கிளினிக்குக்கே வந்திருக்கா. என்ன நெஞ்சழுத்தம்!" என்றேன்.

அண்ணி எழுந்து போய் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "கேமரா நல்லாருக்கே, உங்களுதா?"

"ஆமாங்க. தொழிலே இதுதான்." அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க திருப்புளி அண்ணனுக்காக வந்தவங்களா? டாக்டர் என் சித்தப்பா, அவர்தான் சொன்னாரு. அந்த லென்ஸ் எங்க அப்பாவோடது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. 'பொண்ணு கேமரா பிடிக்கக் கத்துக்கிட்டா குடுத்துடு'ன்னு தம்பிகிட்ட குடுத்துட்டுப் போனாரு. இன்னிக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். வந்தா இந்தக் கூத்து."

"இப்ப மாட்டியிருக்கிறது?"

"இது புதுசு. மறுபடி செஞ்சு விக்கிறாங்களே, அது. சித்தப்பா தரேன் தரேன்னு ரெண்டு வருஷம் இழுத்தாரு. அதுவரைக்கும் வேலை நிக்குமா? இதை வாங்கிட்டேன்."

ஆக, ஒரே மாதிரி புது லென்ஸ் இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒன்று உலாவுகிறது. சித்தப்பா கண் அசந்த நேரத்தில் அண்ணன் மகளே மாற்றி வைத்திருந்தால்? நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க டாக்டர் எடுத்த படங்கள். கிழவர், குழந்தை, கல்லூரிப் பையன், எல்லாம் பேஷண்டுகளின் சிரித்த முகங்கள்.

"ஒன்பது வருஷமா மனுஷங்க மூஞ்சியை மட்டுமே எடுத்த ஆளு" என்று முணுமுணுத்தாள். "கடைசிப் படம் மட்டும் பல் செட்டு."

"மனுஷங்க கிடைக்கலையோ என்னவோ."

"அதேதான் நானும் யோசிக்கிறேன். ஏன் கிடைக்கலை?"

மூன்றரை மணிக்குத்தான் கதவு திறந்தது. டாக்டர் வந்தார்.

அறுபது வயது, மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. எங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டுக் கை கழுவினார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து கை கழுவினார். அவ்வளவு சுத்தம் எனக்கு ஆகாது.

"அவர் குடும்பத்தை நினைச்சா எனக்கே கஷ்டமா இருக்கும்மா" என்றார். "ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்கில்ல? இன்ஸ்பெக்டர் கேட்டாரு. 'பழைய படமெல்லாம் வேண்டாம், கடைக்குக் குடுக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஒரிஜினல் உங்ககிட்ட இருந்துதுன்னு காட்டுங்க'ன்னாரு. வீட்டுல தேடினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தது இது ஒண்ணு அகப்பட்டுது."

"இது ஒரிஜினல்ல எடுத்ததுன்னு எப்படிச் சொல்றீங்க டாக்டர்?"

அவர் முகம் மலர்ந்தது. காதலியைப் பற்றிக் கேட்டால் சிலருக்கு இப்படி ஆகும். பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார்.

"வட்டத்துக்குள்ள பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் வட்டம். அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி. பக்கத்து வட்டத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி. அதற்கடுத்ததிலும்.

"அந்தக் காலத்துக் கண்ணாடி. வார்க்கும்போதே உள்ள ஒரு காத்துக் குமிழி மாட்டிக்கிச்சு. இந்த ஒரு லென்ஸுல மட்டும்தான் அது இருக்கு. எங்க அண்ணன் மச்சம்னு சொல்லுவாரு."

"கேமராவுக்குள்ள தூசியா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"தூசின்னா படத்துல ஒரு இடத்துல மட்டும் விழும். இது லென்ஸுக்குள்ள இருக்கு. அதனால எந்த விளக்கு வட்டமானாலும் அதுக்குள்ள வந்து உக்காந்துக்கும். புது லென்ஸுல வட்டமெல்லாம் துடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருக்கும். இந்தப் பொக்கே வரவே வராது."

"பொக்கையா? பல்லு இல்லாத வாயைத்தானே டாக்டர் பொக்கைம்பாங்க? உங்க தொழிலுக்குப் பொருத்தமா..."

"பொக்கே!" டாக்டருக்குக் கோபம் வந்தது. "பின்னணி மங்கலாக் கரையுற அழகுக்கு அந்தப் பேரு. இதுக்காகத்தான் உலகமே பழைய லென்ஸைத் தேடி அலையுது."

அண்ணி என் காலை மிதித்தாள். "படம் வெள்ளிக்கிழமைதான் எடுத்ததுன்னு..."

"ஃபைல்லயே இருக்கும்மா. வெள்ளி, சாயங்காலம் ஆறு பன்னிரண்டு. போலீஸே பார்த்துட்டாங்க."

வெள்ளிக்கிழமை வரைக்கும் மச்சக்கார லென்ஸ் இவரிடம் இருந்திருந்தால், சனிக்கிழமை அது திருப்புளியின் கைக்குப் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை மச்சம் இல்லாதது வந்திருக்கிறது. நடுவில் வேறு யார்? நம்ம கட்சிக்காரரே நம்மைக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டர் மேஜைமேல் இருந்த தன் கேமராவை என்னிடம் நீட்டினார். "இதுல மாட்டியிருக்கிறதுதான் அந்தாளு என் தலையில கட்டினது. நீங்களே எடுத்துப் பாருங்க. மச்சம் இருக்கான்னு சொல்லுங்க."

சின்னக் கேமரா, கை கனத்தது. மேல் மூலையில் ஒரு குட்டி ஜன்னல். கண்ணை வைத்தேன்.

"அது ரேஞ்ச்ஃபைண்டர்" என்றார் டாக்டர். "நடுக்கட்டத்துல எல்லாம் ரெட்டையாத் தெரியும். வளையத்தைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணு சேர்த்தா ஃபோகஸ் ஆயிடும்."

"ரெண்டாத் தெரியுறதை ஒண்ணாக்கறதுதான் எங்க பொழப்பே" என்று சொல்லி, அண்ணியின் மூக்கு இரண்டையும் ஒன்றாக்கி, பளிச்சென்று தெரிந்ததும் மூன்று படம் எடுத்தேன். பின்னால் திரையைப் பார்த்தால் மூன்றும் கரி. ஒரே கறுப்பு.

"அண்ணி, உங்களைப் படம் எடுத்தா இருட்டிப் போகுது!"

கதவருகில் நின்ற டாக்டரின் அண்ணன் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "மூடியைக் கழட்டலைங்க. இந்தக் கேமராவுல நீங்க பார்க்கிற வழி வேற, லென்ஸ் பார்க்கிற வழி வேற. மூடி போட்டிருந்தாலும் உங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியும். புதுசாப் பிடிக்கிற எல்லாரும் இதுல மாட்டுவாங்க."

மானம் போனது. மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி கண்ணை வைத்தேன். "ஆனா இங்க கீழ, வலது மூலையில ஏதோ கறுப்பா மறைக்குதே?"

"அது லென்ஸுக்கு முன்னாடி மாட்டுற ஹூட். வெயில் படாம இருக்கறதுக்கு" என்றார் டாக்டர். "ஜன்னல்ல அந்த மூலை மட்டும் மறையும், படத்துல எல்லாம் விழும். பழகிட்டா கண்ணு அங்க போகவே போகாது. ஹூட் இல்லாம நான் எடுத்ததே இல்ல."

"அப்படியா" என்றாள் அண்ணி. ரொம்பச் சாதுவாகச் சொன்னாள். அவள் அந்தக் குரலில் பேசினால் எங்கள் வீட்டில் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அவள் படத்தை மறுபடி கையில் எடுத்தாள். "டாக்டர், இந்த வலது கீழ் மூலையில பச்சையா ஒரு கொத்து இருக்கே. ஒன்பது வட்டம். இது என்ன?"

டாக்டர் குனிந்து பார்த்தார். ரசித்தார். "ஆகா, எப்படிக் கரைஞ்சிருக்கு பாருங்க. ஓரத்துல வர வர வட்டம் எலுமிச்சை மாதிரி நீளும். இதுலயும் மச்சம் இருக்கு பாருங்க!"

"அழகாத்தான் இருக்கு. ஆனா என்ன அது?"

"பின்னணிம்மா. அது என்னவா இருந்தா என்ன?"

நான் அதற்குள் சுற்றிலும் நோட்டம் விட்டிருந்தேன். ஜன்னலோரம் அலமாரியில் பேஷண்டுகளின் பல் செட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் நீல நிறம், எல்லாவற்றிலும் நம்பர், அடியில் ஈரத் தடம். கடைசி டப்பாவில் நம்பரும் இல்லை, ஈரமும் இல்லை. மூடி இடுக்கில் வெள்ளையாய் ஒரு காகித முனை நீட்டிக்கொண்டிருந்தது. புது ஷூ பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் வருமே, ஈரத்தை உறிஞ்ச, அது.

"டாக்டர், பல்லுக்கும் ஷூ மாதிரி பொட்டலம் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் எழுந்தார். கை கழுவப் போனார்.

"தம்பி" என்றாள் அண்ணி, என் பக்கம் திரும்பாமலே. "கீழ எதிர்ப்பக்கம் மருந்துக்கடை இருக்கு. தலைவலி மாத்திரை வாங்கிட்டு வா. கடைக்காரர்கிட்ட நாலு வார்த்தை பேசிட்டு வா. உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே."

"கேஸ் கவுந்துடுச்சு, மாத்திரை சாப்பிட்டா நிமிருமா?" என்று முனகிக்கொண்டே இறங்கினேன்.

படியில் போன் அடித்தது. திருப்புளியின் மனைவி. "தம்பி, வண்டி வந்து நிக்குது. அவர் சாப்பிடக்கூட மாட்டேங்குறாரு. அக்காகிட்ட கொஞ்சம் சீக்கிரம்னு சொல்லுங்க..." மேலே பேச முடியாமல் வைத்துவிட்டாள். மணி நாலு. காலையில் அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டதற்கு என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. ஆனால் சந்தேகம் முழுசாகப் போகவும் இல்லை, அதுதான் எரிச்சல்.

மருந்துக்கடை பளபளவென்று இருந்தது. பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கடைக்காரர் மாத்திரையோடு ஒரு பல்லிளிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்.

"கடை ரொம்ப நாளா இருக்கோ?" என்று ஆரம்பித்தேன்.

"அட, திங்கட்கிழமைதான் சார் திறந்தோம். போர்டெல்லாம் அன்னிக்குக் காலையிலதான் மாட்டினோம். அதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஷட்டர் போட்டே கிடந்துது. இந்தாங்க நோட்டீஸ், வீட்டுல குடுங்க."

நோட்டீஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன்.

வாசலுக்கு மேலே ஒரு கூட்டல் குறி. உருண்டை பல்புகளை வைத்துச் செய்தது. பச்சை பல்புகள். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து, நடு பல்பு இரண்டுக்கும் பொது.

ஒன்பது!

இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே ஓடினேன். வாழ்க்கையில் பல் டாக்டரிடம் நான் ஓடிப்போனது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மேலே எல்லோரும் மாடி வெளிப்பக்கத்தில் நின்றிருந்தார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் அந்தப் பிளாஸ்டர் பல் செட்டு. டாக்டர் கையில் கேமரா. அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இதே இடத்துலதானே வெச்சு எடுத்தீங்க டாக்டர்?"

"இதே இடம்தான்."

"கேமராவுல பாருங்க. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

டாக்டர் ஜன்னலில் கண்ணை வைத்தார். "இப்படியேதான்."

"எதுவும் மாறலை?"

"எதுவும் மாறலைம்மா. எத்தனை தடவை கேப்பீங்க?"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஒரு ஆளோட வாழ்க்கை."

"மாறலை! சத்தியமா மாறலை!"

"சரி. இப்ப கேமராவை இறக்குங்க. வெறும் கண்ணால பாருங்க. வலது பக்கம், கீழ."

டாக்டர் கேமராவை இறக்கினார். பார்த்தார். மேகம் மூடிய நாலு மணி வெளிச்சத்தில் ஒன்பது பச்சை பல்புகளும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் நோட்டீஸை அவர் முன்னால் நீட்டினேன். 'திறப்பு: திங்கட்கிழமை காலை பதினொரு மணி.'

"அவங்க விளக்கு போட்டதே திங்கட்கிழமை" என்றாள் அண்ணி. "வெள்ளிக்கிழமை எடுத்த படத்துல திங்கட்கிழமை எரிஞ்ச விளக்கு எப்படி வந்துது டாக்டர்? கேமராவுல தேதியை நாம வெக்கிறதுதானே, எந்தத் தேதி வேணும்னாலும் வெக்கலாம். ஹூட் மறைச்சதால எடுக்கும்போது உங்களுக்கு அது தெரியலை. எடுத்த அப்புறம் தெரிஞ்சும் தெரியலை. நீங்கதான் பின்னணியை என்னன்னு பார்க்கிற ஆளே இல்லையே, அழகா கரைஞ்சிருக்கான்னு மட்டும்தானே பார்ப்பீங்க?"

டாக்டர் நோட்டீஸை வாங்கி அந்தக் கிழமையை மறுபடி படித்தார்.

"அந்தப் பச்சை வட்டத்துலயும் மச்சம் இருக்குன்னு நீங்களே காட்டினீங்க. சனிக்கிழமை கையை விட்டுப் போன லென்ஸ், திங்கட்கிழமைக்கு அப்புறம் உங்க மாடியில உக்காந்து படம் எடுத்திருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தானே? இன்ஸ்பெக்டர் ஆதாரம் கேட்ட அன்னிக்கு. பக்கத்துல ஒரு மனுஷனை வெச்சு எடுக்க முடியாது, அவன் நாளைக்குத் தேதியைச் சொல்லிடுவான். அதனாலதான் பல் செட்டு. சாட்சி சொல்லாத வாய் இந்தக் கிளினிக்குல அது ஒண்ணுதான்."

"அப்போ ஒரிஜினல்?" என்று கேட்டாள் அண்ணன் மகள்.

"என் கொழுந்தனாருக்கு வாய் நீளம். சமயத்துல கண்ணும் நீளம்" என்றாள் அண்ணி. "பல் செட்டைத் தண்ணியில போட்டு வெப்பாங்க, காய விட மாட்டாங்க. ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தோட ஒரு டப்பா இருந்தா, அதுல பல்லு இருக்காது."

நான் உள்ளே ஓடிப்போய் நம்பர் இல்லாத டப்பாவை எடுத்து வந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவள் திறந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, அவள் அப்பாவின் லென்ஸ்.

டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை கோட்டோடு அப்படியே.

"குடுக்கணும்னுதான் நினைச்சேன் பாப்பா. ஒவ்வொரு தடவையும் நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு... அது இல்லாம எனக்குப் படமே வராது. புதுசு ஒண்ணு வாங்கினேன். அதை உன்கிட்ட குடுத்துடலாம்னு பார்த்தேன். மச்சம் இல்லைன்னு நீ கண்டுபிடிச்சுடுவியோன்னு பயம். அப்புறம்தான்..."

"அப்புறம்தான் திருப்புளி" என்றாள் அண்ணி. "ஒண்ணு கேக்கறேன். சனிக்கிழமை அவர் பார்த்தவுடனே, 'டாக்டர், இது புதுசு'ன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "புதுசு அவர் கண்ணுக்குப் பழசாத் தேறுமான்னு பார்க்கத்தான் கொண்டுபோனேன். சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பேன். யாரோ முன்னாடியே மாத்திட்டாங்கன்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அவர் ஒண்ணுமே சொல்லலை. பார்த்தாரு, என் மூஞ்சியைப் பார்த்தாரு, பேசாம வாங்கி வெச்சுக்கிட்டாரு. கண்டுபிடிச்சும் பேசாம இருக்காருன்னு தெரிஞ்சுது. அப்பதான் இந்த யோசனை வந்துது."

அண்ணன் மகள் அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டி நின்றது. "லென்ஸை வெச்சுக்கிட்டதுகூடப் பரவால்ல சித்தப்பா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தர் வாயை மூடினாரு. அதுக்காகவே அவரைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்களே!"

அவள் லென்ஸை அதே துணியில் சுற்றி அண்ணியிடம் கொடுத்தாள். "இது கேஸுக்கு வேணும்ல? ஸ்டேஷன்ல குடுத்துடலாம். எனக்கு வேலைக்கு இந்தப் புதுசு போதும்."

டாக்டர் அந்தத் துணி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அது எத்தனை வருஷம் போலீஸ் பீரோவில் கிடக்குமோ. அவருக்காகக் கொஞ்சம் பாவமாக இருந்தது. திருப்புளியை நினைத்ததும் அந்தப் பாவம் ஓடிப்போய்விட்டது.

அண்ணி போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்தாள். நாங்கள் டாக்டரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். வண்டியின் கதவு திறந்தபடி நின்றது. ஏற வேண்டியவர் ஏறவில்லை.

ஐந்தரை மணிக்குத் திருப்புளி வெளியே வந்தார். ஒல்லியான மனுஷன். நேற்றுப் போட்ட சட்டை. மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவது போல.

"உங்க மேலயும் ஒரு தப்பு இருக்கு" என்றாள் அண்ணி அவரிடம். குரல் கடுமையாக இருந்தாலும் கண் சிரித்தது. "இனிமே பட்டதைப் பட்டுன்னு சொல்லிடுங்க. அடுத்தவங்க மனசு நோகும்னு பார்த்துத்தான் இவ்வளவு தூரம் வந்துது."

"சரிம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரின்னுதான் சொல்லுவாரு" என்றாள் மனைவி. "செய்ய மாட்டாரு."

அண்ணன் மகள் கேமராவைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "நீங்க எடுங்க. நான் திருப்புளி அண்ணன் பக்கத்துல நிக்கணும்."

போன மானத்தை மீட்க நல்ல சந்தர்ப்பம். ஸ்டேஷன் படியில் அவர்களை நிறுத்தினேன். நடுக்கட்டத்தில் திருப்புளியின் இரண்டு மூக்கையும் ஒன்றாக்கினேன். மனைவியின் அழுத கண், அவர் தோள்மேல் அவள் கை, பின்னால் தெருவிளக்குகள், எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்தன. ஒன்று எடுத்தேன். இரண்டு எடுத்தேன். "கொஞ்சம் சிரிங்க!" மூன்று.

திருப்புளி சிரிக்கவில்லை. என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். மனைவி முழங்கையால் அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"தம்பி..." என்றார் மெதுவாக. "தப்பா எடுத்துக்காதீங்க. மனசுல வெச்சுக்காதீங்க..."

"பரவால்ல, சொல்லுங்கண்ணே."

"மூடியைக் கழட்டலை."